கோதுமை இல்லாத போறணை

பாண் இல்லாத காலை உணவை எண்ணிப் பார்க்கவும் இயலாத வீடுகள் நம் நாட்டில் பல உள. அத்தகைய வீடொன்றில் ஒருவருக்குக் கோதுமையே ஆகாத பொருள் என்று வைத்தியர் கூறிவிட்டால் நிலைமை என்னவாகும்? பாணும் பணிசும் கேக்கும் பிஸ்கற்றும் இனிமேல் இல்லை என்ற சொல், நோயினும் பெரிய தண்டனையாகவே முதலிற் தோன்றும். பிறந்தநாள் விருந்தில் வெறுந்தட்டுடன் இருக்கும் பிள்ளைக்கு அத்தண்டனையின் கடுமை நன்கு தெரியும்.

சீலியாக் என்பது இந்நோயின் பெயர். கோதுமை, வாற்கோதுமை, றை ஆகிய தானியங்களிலே குளூட்டன் என்னும் புரதம் உண்டு. அப்புரதம் சிலருடைய சிறுகுடலை அடைந்ததும், உடலைக் காக்க வேண்டிய ஆற்றலே குடலைத் தாக்கத் தொடங்குகின்றது. உணவின் சத்தை உறிஞ்சும் சடைமுளைகள் தேய்ந்து மட்டமாகின்றன. உண்டும் உடல் மெலிகின்றது, இரத்தம் குன்றுகின்றது, குழந்தையாயின் வளர்ச்சி தடைப்படுகின்றது. உலகில் 100 பேரில் ஏறத்தாழ ஒருவருக்கு இக்குறை உண்டென்பர். குழந்தைப் பருவத்தில் மட்டுமன்றி, ஐம்பது வயதைக் கடந்த பின்னரும் இது தலைகாட்டலாம்.

உணவே இதற்கு மருந்து என்பதை 1888ஆம் ஆண்டிலேயே இலண்டன் வைத்தியர் சாமுவேல் ஜீ எழுதிவைத்தார். ஆனால் எந்த உணவு பகை என்பதை அவர் அறிந்திலர். அரிசியையும் சவ்வரிசியையும் விலக்கிய அவர், மெல்லியதாகச் சீவி வாட்டிய பாணை அனுமதித்தார்! உண்மையான பகையை இனங்கண்டவர் ஹேக் நகரக் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் பணியாற்றிய வில்லெம் டிக்கே. போருக்கு முன்னரே அவருக்குப் பாணின்மீது ஐயம் இருந்தது. 1944–45ஆம் ஆண்டு மாரிகாலத்தில் ஒல்லாந்தில் பெரும்பஞ்சம் நிலவியது. மக்கள் துலிப் பூச்செடியின் கிழங்கையும் உண்டனர். பாண் கிடைக்காத அந்நாட்களில் இந்நோயுற்ற பிள்ளைகள் தேறினர். பாண் திரும்பி வந்ததும் மீண்டும் நலிந்தனர். போரின்பின் கோதுமையைக் கொடுத்தும் நிறுத்தியும் முறையாகச் சோதித்து, 1950இல் உத்ரெக்ற் பல்கலைக்கழகத்திற்கு அவர் ஆய்வேடு அளித்தார். கோதுமையும் றையும் குற்றவாளிகளாயின. ஜீ விலக்கிய அரிசி விடுதலை பெற்றது.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். வயிறு சற்று உப்பினாலும் கோதுமையைத் தாமாகவே கைவிடுவோர் இக்காலத்திற் பலர். அவ்வாறு கைவிட்டபின் சோதனைக்குச் சென்றால், இரத்தத்திலும் குடலிலும் நோயின் அடையாளங்கள் மறைந்து முடிவு பிழைத்துப்போகலாம். சோதனை முதலில், பத்தியம் அதன் பின்னரே.

பத்தியம் தொடங்கிய வீட்டில் கோதுமை மறைந்திருக்கும் இடங்களைத் தேடவேண்டும். கடையில் விற்கும் இடியப்பமும் புட்டும் பெரும்பாலும் கோதுமை மாவிலோ கலப்பு மாவிலோ ஆனவை. ரவையும் கோதுமையே. கூட்டுப் பெருங்காயத்திலும் சோயா சோசிலும் கோதுமை சேர்வதுண்டு. பாண் சீவிய கத்தியும் பலகையும் நோயாளருக்கு வேறாகவே இருத்தல் நன்று. சிறு துணிக்கையும் போதும், குடலைப் புண்ணாக்க.

இனி, போறணைக்கு வருவோம். கோதுமை மாவைப் பிசைந்து உருட்டி, நீரிலே மெல்லக் கசக்கிக் கழுவினால், வெண்மையான மாப்பொருள் கரைந்தோடிவிடும். றப்பர் போல் இழுபடும் பசையொன்று கையில் எஞ்சும். அதுவே குளூட்டன். மதுவம், அதாவது ஈஸ்ட், உண்டாக்கும் வாயுவை இப்பசை பலூன்போற் பிடித்து வைத்திருப்பதாலேயே பாண் உப்புகின்றது. அரிசி மாவில் இப்பசை இல்லை. ஆகையால் அதைக் கோதுமை மாப்போலப் பிசைந்து உருட்டிச் சுட்டால் கிடைப்பது செங்கல்லே. பத்தியம் தொடங்கிய பலர் முதன்முறையிலேயே மனமுடைந்து போவது இவ்விடத்தில்தான்.

ஆனால் கள் விட்டுப் புளிக்கவைத்த அரிசிமாக் கரைசலை அப்பச்சட்டியில் ஊற்றும் பெண்ணுக்கு இதன் மறுமொழி தெரியும். அவள் மாவைப் பிசைவதில்லை; கரைக்கின்றாள். உருவம் கொடுக்கும் வேலையைச் சட்டியிடம் விட்டுவிடுகின்றாள். குளூட்டன் இல்லாத பாணின் இரகசியமும் அதுவே: மா, கூழ்போலத் தளர்வாக இருத்தல் வேண்டும்; உயர்ந்த விளிம்புள்ள தகரத்தில் ஊற்றி, ஒருமுறை பொங்கியதும் சுட்டெடுத்தல் வேண்டும். வாயுவைப் பிடித்துவைக்க இசப்கோல் உமி உதவும். நீரில் ஊறியதும் களிபோலாகி, குளூட்டனின் வேலையிற் பாதியை அது செய்துவிடும். அரிசி மாவுடன் சிறிது மரவள்ளி மாவைக் கலந்தால் மென்மை கூடும். குரக்கன் நிறத்தையும் மணத்தையும் தரும். ஆயினும் மிகுந்தால் உதிரும்.

கேக் இதனினும் எளிது. அதிலே குளூட்டன் அதிகம் வேண்டுவதில்லை; நன்றாக அடித்த முட்டையின் நுரையே அதைத் தாங்கும். இத்தாலியின் காப்ரித் தீவிலே பாதாம் பருப்பும் சொக்கலேற்றும் முட்டையும் கொண்டு கோதுமையே இல்லாத கேக் செய்வர். பிரேசில் நாட்டார் மரவள்ளி மாவும் பாற்கட்டியும் சேர்த்துச் சுடும் சிறு பணியாரங்கள் அங்கே காலை உணவாகும். நம் வட்டிலப்பமும் இவ்வரிசையிற் சேர்ந்ததே. தேங்காய்ப்பாலும் கித்துள் கருப்பட்டியும் முட்டையும் சேர்ந்த அது, பிறந்தநாள் மேசையிற் கேக்கின் இடத்தைப் பிடிக்கத் தகாததன்று.

அரிசிப் பாணைச் சூட்டோடு வெட்டலாகாது. உள்ளே பசையாக ஒட்டும். முற்றாக ஆறிய பின்னரே கத்தி வைக்கவேண்டும். மறுநாள் அது இறுகிவிடுமாதலால், எஞ்சியதைத் துண்டுகளாக்கிக் குளிர்ப்பெட்டியின் உறைபகுதியில் வைத்து, வேண்டும்போது தாச்சியில் வாட்டி உண்பர்.