கப்பலுக்கு ஓர் ஏற்காடு

ஏற்காட்டு லேடீஸ் சீட்டிலிருந்து இரவில் சேலத்தின் விளக்குகளைப் பார்த்தவருக்கு உயரத்தின் அருமையைச் சொல்லித் தர வேண்டியதில்லை. கப்பலின் கொடிமரத்தில் 25 மீட்டர் உயரத்தில் நிற்பவருக்குத் தொடுவானம் சுமார் 18 கிலோமீட்டர் தள்ளி இருக்கும். ஏற்காட்டின் உயரமான 1,500 மீட்டருக்கு ஏறிவிட்டால் அதுவே 140 கிலோமீட்டர். இரு உலகப் போர்களுக்கு இடையில் போர்க்கப்பல்கள் சின்னஞ்சிறு பறக்கும் படகுகளைச் சுமந்து திரிந்ததன் ரகசியம் இந்தக் கணக்குதான். 1933இல் முதலில் பறந்த சூப்பர்மரின் வால்ரஸ் அந்த வகை. வடிவமைத்தவர் ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தைத் தந்த ஆர். ஜே. மிட்செல். புகழ் என்னவோ வேகமாகப் பறந்ததற்கே போயிற்று.

கப்பலிலிருந்து கவண்கல் போல விமானத்தை வீசி அனுப்புவது எளிது. திரும்ப ஏற்றுவதில்தான் வித்தை இருக்கிறது. கப்பல் சற்றே வளைந்து திரும்பும். அதன் மறைவில் அலை அடங்கிய நீர்ப்பரப்பு சிறிது நேரம் கிடைக்கும். அதில் இறங்கி விமானம் கப்பலை ஒட்டி வரும். ஊழியர் ஒருவர் மேல் இறக்கையில் ஏறி, எஞ்சினுக்கு மேலே உள்ள அறையிலிருந்து தூக்கும் கயிற்றை எடுத்து, ஆடுகிற கிரேன் கொக்கியில் மாட்டுவார். கடல் கொந்தளித்தால் கொக்கி ஒரு பக்கம், இறக்கை மறுபக்கம்.

மணிக்கு 200 கிலோமீட்டர் சொச்சம் போகும் இந்த ஆமை சண்டைக்கு உதவுமா என்பார்கள். உதவாது, அதன் வேலை பார்ப்பது. 1941 மே 8 அன்று, நார்வே சரக்குக் கப்பல் வேடத்தில் இந்தியப் பெருங்கடலில் உலவிய ஜெர்மானியப் போர்க்கப்பல் பிங்குவினைக் கண்டுபிடித்தது பிரிட்டிஷ் போர்க்கப்பல் கார்ன்வாலின் வால்ரஸ். அன்றே பிங்குவின் மூழ்கியது. 1942 ஏப்ரல் 5 அன்று, கொழும்பு குண்டுவீச்சு நடந்த நாளில், அதே கார்ன்வாலைக் கண்டுபிடித்தது ஜப்பானிய டோனே கப்பலின் மிதவை விமானம். டார்செட்ஷயர் என்ற இன்னொரு பிரிட்டிஷ் கப்பலுடன் கார்ன்வாலும் மூழ்கியது. சுட்டவரை மட்டும் எண்ணி, எட்டிப் பார்த்தவரை மறக்கும் போர் வரலாறு பாதிக் கணக்குதான்.

ராடார் வந்ததும் இந்த விமானங்கள் வீணாகவில்லையா? ஆயின. மூடுபனி இறங்கினால் ஏற்காட்டிலிருந்து சேலம் தெரியாது. மேகம் கவிந்தால் வால்ரஸும் குருடு. ராடார் தீர்த்தது அந்தக் குறையை. ஆனால் தொடுவானம் ராடாரின் பார்வையையும் மறைக்கத்தான் செய்கிறது. அதனால்தான் இந்தியக் கடற்படையின் காமோவ் 31 ஹெலிகாப்டர் ராடாரையே வயிற்றில் கட்டிக்கொண்டு மேலே ஏறுகிறது.