தாழ்ந்த ஆறாம் தந்தி

மும்பை மாதுங்காவில் நமக்கு நெருங்கிய தமிழ்க் குடும்பம் ஒன்று உண்டு. அவ்வில்லத்தில் காலையில் பாட்டியார் சுருதிப் பெட்டியை வைத்துக்கொண்டு கீர்த்தனம் பாடுவார். மாலையில் பேரன் தன் மின்சாரக் கிதாரை ஒலிபெருக்கியோடு இணைத்து அண்டை வீட்டாரின் பொறுமையைச் சோதிப்பான். ஒரு நாள் அவன் கிதாரின் மிகத் தடித்த தந்தியைத் தளர்த்திக்கொண்டிருந்தான். “நன்றாயிருந்த சுருதியை ஏண்டா கலைக்கிறாய்?” என்று பாட்டியார் வினவினார். “கலைக்கவில்லை பாட்டி, டிராப் டி வைக்கிறேன்” என்றான் பையன்.

அதற்கு அடுத்த வாரம் கல்லூரிப் போட்டியொன்றில் அவன் வாசித்தான். முதற் பாட்டு நன்றாகவே அமைந்தது. இரண்டாம் பாட்டுக்கு முன்னர், சபையோர் கைதட்டிக்கொண்டிருந்த சிறு இடைவேளையில், அதே தந்தியை அவசரமாகத் தளர்த்தினான். வாசிக்கத் தொடங்கியதுமே தந்திகள் ஒன்றோடொன்று பிணங்கின. தளர்த்திய தந்தி மட்டுமன்றி, அவன் தொடாத ஐந்து தந்திகளும் சுருதி விலகி நின்றன. பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டுத் தலை குனிந்து மேடையினின்று இறங்கினான். அதன்பின் ஒரு மாதம் அவன் கிதாரைத் தொடவில்லை. சபையில் அமர்ந்திருந்த நமக்கும் அப்பொழுது காரணம் விளங்கவில்லை. பின்னர் விசாரித்து அறிந்தவற்றையே நேயர்களுக்கு இங்குக் கூறப் புகுகிறோம்.

கிதாருக்குத் தந்திகள் ஆறு. மெல்லிய தந்தியை முதலாவது என்றும், தடித்த தந்தியை ஆறாவது என்றும் எண்ணுவது மரபு. ஆறாவதிலிருந்து தொடங்கினால் ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ என்னும் மேனாட்டுச் சுரங்கள் முறையே அமையும். நம் முறையிற் சொல்வதானால், ஒரு தந்தியை ஷட்ஜமாகக் கொண்டால் அடுத்த தந்தி அதற்குச் சுத்த மத்தியமமாக நிற்கும். மூன்றாம் தந்திக்கும் இரண்டாம் தந்திக்கும் இடையே மட்டும் அந்தர காந்தார இடைவெளி. பொதுவான இச்சுருதி அமைப்பில் ஆறாம் தந்தி வினாடிக்கு ஏறக்குறைய 82.4 முறை அதிர்கிறது. ஐந்தாம் தந்தி 110 முறை. நான்காம் தந்தி 146.8 முறை.

டிராப் டி என்பது மற்ற ஐந்து தந்திகளையும் இருந்தபடியே விட்டுவிட்டு, ஆறாம் தந்தியை மட்டும் ஒரு முழுச் சுரம், அதாவது இரண்டு மெட்டு அளவு, கீழிறக்கி ‘டி’யில் நிறுத்துவதாகும். அப்பொழுது அது 73.4 முறை அதிரும். நான்காம் தந்தியின் அதிர்வில் இது சரிபாதி என்பதை நேயர்கள் கவனித்திருப்பீர்கள். ஆகவே கீழிருந்து மூன்று தந்திகளும் டி, ஏ, டி என்று நிற்கின்றன. ‘டி’யை ஷட்ஜமாகக் கொண்டால் இது நாம் நன்கறிந்த ச, ப, ச அன்றி வேறன்று.

கருநாடக இசையின் பிடிலும் கீழிருந்து ச, ப, ச, ப என்றே சுருதி சேர்க்கப்படுகிறது. மேனாட்டார் அவ்வாறு சேர்ப்பதில்லை. அவர்கள் நான்கு தந்திகளையும் அடுத்தடுத்துப் பஞ்சம இடைவெளியிலேயே நிறுத்துவர். பாலுசாமி தீட்சிதர் காலத்தில் அவ்வாத்தியம் நம் கைக்கு வந்தபின், நம்மவர் தம் இசைக்கு வேண்டியவாறு அதன் தந்திகளை மாற்றிச் சேர்த்துக்கொண்டனர். எனவே, சுருதியைக் கலைக்கிறான் என்று பேரன்மீது குறை கூறும் உரிமை நமக்கு அத்துணை வலுவாக இல்லை!

இது மின்சாரக் கிதாரோடு பிறந்த புதுமையும் அன்று. ஸ்பெயின் நாட்டுக் கிதார் மேதை பிரான்சிஸ்கோ தாரெகா (1852–1909) இயற்றிய ‘காப்ரிச்சோ அராபே’ என்னும் உருப்படி, ஆறாம் தந்தியை ‘டி’யில் வைத்தே வாசிக்கப்படுவது. ஒலிபெருக்கி யுகத்தில், பீட்டில்ஸ் குழுவினர் 1968இல் வெளியிட்ட ‘டியர் புரூடன்ஸ்’, லெட் செப்பலின் குழுவினர் 1969இல் வெளியிட்ட ‘மோபி டிக்’ ஆகியவற்றில் இவ்வமைப்பைக் கேட்கலாம். 1990களில் கடின ராக் இசையில் இது பெருவழக்காயிற்று. ரேஜ் அகெயின்ஸ்ட் த மெஷின் குழுவின் 1992ஆம் ஆண்டுப் பாடலான ‘கில்லிங் இன் த நேம்’ இதற்குப் பலரும் அறிந்த சான்று.

அவ்விசையாளர் இதனைப் பெரிதும் விரும்பியதற்குக் காரணம், தாழ்ந்த நாதத்தின் கம்பீரம் மட்டும் அன்று. ஒலிபெருக்கியை அதன் தாங்கும் அளவுக்கு மேல் முடுக்கினால் ஒலியலையின் முகடுகள் நறுக்குண்டு, நாதம் கரகரப்பாகிறது. ராக் இசையாளர் இக்கரகரப்பைக் குற்றமாகக் கருதாது, அதனையே ஒரு நிறமாகக் கையாண்டனர். ஆனால் அதில் ஓர் இடையூறு உண்டு. இரண்டு சுரங்களை ஒருங்கே ஒலித்தால், கரகரப்பானது அவ்விரண்டின் அதிர்வுகளைக் கூட்டியும் கழித்தும் புதிய சுரங்களைப் பிறப்பிக்கும். ஷட்ஜமும் காந்தாரமும் சேர்ந்தால், கிதாரின் மெட்டுகளில் காந்தாரம் இயற்கை நிலையைவிடச் சற்று உயர்ந்தே அமைந்திருப்பதால், பிறக்கும் சுரங்கள் ஒன்றோடொன்று மோதிக் கலங்குகின்றன. ஷட்ஜமும் பஞ்சமமும் சேர்ந்தாலோ நிலை வேறு. அவற்றின் விகிதம் இரண்டுக்கு மூன்று. மெட்டிலும் அது ஏறக்குறையப் பிசகாமல் கிடைக்கிறது. 110இலிருந்து 73.4ஐக் கழித்தால் 36.6 அன்றோ? அது கீழ் ஷட்ஜத்தின் அதிர்வில் ஏறக்குறையப் பாதி. அதாவது, யாரும் மீட்டாத இன்னும் தாழ்ந்த ஷட்ஜம் ஒன்று தானே வந்து சேர்கிறது. சுவர் அதிர்வதுபோல் நமக்குத் தோன்றுவது இதனால்தான்.

ஷட்ஜம், பஞ்சமம், மேல் ஷட்ஜம் ஆகிய மூன்றையும் சேர்த்து ஒலிப்பதைப் பவர் கார்டு என்பர். பொதுச் சுருதியில் ஆறாம் தந்தியிலிருந்து இதனைப் பிடிக்க இரண்டு மூன்று விரல்கள் வேண்டும். டிராப் டியில் கீழ் மூன்று தந்திகளையும் ஒரே மெட்டில் ஒரே விரலால் குறுக்கே அழுத்தினாற் போதும். எந்த மெட்டுக்கு நகர்ந்தாலும் ச, ப, ச மாறாது. விரலை வழுக்கிக்கொண்டே கனத்த நாதங்களை விரைந்து தொடுக்கலாம். விரல்கள் இன்னும் உறுதி பெறாத இளம் மாணவனுக்கு இஃது எத்துணை ஆறுதல் என்பதை, தந்தி அழுத்திக் காய்த்த விரல் நுனிகளே சொல்லும். இங்கு இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்து டோனி அயோமியை நினைவுகூர்தல் தகும். 17ஆம் வயதில் தகட்டுத் தொழிற்சாலையில் வலக்கையின் இரண்டு விரல் நுனிகளை அவர் இழந்தார். இடக்கைப் பழக்கமுடையவராதலின் தந்தி அழுத்தும் கையே அது. பிளாஸ்டிக்கை உருக்கி விரல் உறைகள் செய்துகொண்டு அவர் மீண்டும் வாசித்தார். 1971இல் வெளியான ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’ இசைத்தட்டில் எல்லாத் தந்திகளையும் ஒன்றரைச் சுரம் தளர்த்தியும் வாசித்திருக்கிறார். அவர் முறை டிராப் டி அன்று. ஆயினும் தந்தி தளர்ந்தால் விரலுக்குச் சுமை குறையும் என்பது இரண்டிற்கும் பொது.

இனி இதன் செலவுப் பக்கத்தையும் பார்ப்போம். ஆறாம் தந்தியில் மட்டும் எல்லாச் சுரங்களும் இரண்டு மெட்டு மேலே நகர்ந்துவிடுகின்றன. முன்பு மூன்றாம் மெட்டில் இருந்த ‘ஜி’ இப்பொழுது ஐந்தாம் மெட்டில். பழகிய கை ஏமாறும். அதற்குச் சில நாட் பயிற்சியே மருந்து. தந்தியின் இழுவிசை அதன் அதிர்வின் வர்க்கத்தைப் பொறுத்ததாகலின், ஒரு சுரம் இறக்கியதும் இழுவிசையில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துபோகிறது. தொய்ந்த தந்தியை ஓங்கி மீட்டினாலும் அழுத்திப் பிடித்தாலும் சுரம் ஏறி நிற்கும். எனவே எப்பொழுதும் இவ்வமைப்பிலேயே வாசிப்போர், ஓர் அங்குலத்தை ஆயிரம் கூறிட்டதில் 46 கூறு பருமனுள்ள வழக்கமான தந்தியை நீக்கி, 49 அல்லது 52 கூறுள்ள தந்தியைப் பூட்டுவர்.

மேடையில் பையனைத் தோற்கடித்ததும் இந்த இழுவிசையே. அவனது கிதாரின் குதிரை உடலோடு இறுகப் பொருத்தப்பட்டதன்று. பிடியொன்றினால் அசைத்து நாதத்தை வளைப்பதற்காக மிதந்து நிற்பது. முன்புறத்தில் ஆறு தந்திகள் அதனை இழுக்க, பின்புறத்தில் சுருள்விற்கள் எதிர்த்து இழுக்க, இரண்டும் சமமான நிலையில் அது நிற்கிறது. ஒரு தந்தி தளர்ந்ததும் விற்களின் பக்கம் வென்றது. குதிரை பின்னே சாய்ந்து மற்ற ஐந்து தந்திகளையும் இழுத்தது. அவற்றின் சுருதி ஏறியது. ஒவ்வொன்றாகத் திருத்தப் புகுந்தால் குதிரை மீண்டும் நகரும்; திருத்தியது மறுபடி பிசகும். இரு பாட்டுகளுக்கிடையே செய்து முடிக்கக்கூடிய வேலையா இது? அசையாத குதிரையுள்ள கிதாராயின் இத்தொல்லை அநேகமாக இல்லை.

அத்தகைய கிதாரில் டிராப் டி வைக்க ஒரு நிமிடம் போதும். ஆறாம் தந்தியின் பன்னிரண்டாம் மெட்டுக்கு நேரே விரலை மெல்லத் தொட்டு மீட்டினால் மேல் ஸ்தாயி நாதம் தெளிவாக எழும். அதனோடு நான்காம் தந்தியையும் ஒலிக்கவிட்டு, ஆறாவதன் முறுக்காணியைச் சிறிது சிறிதாகத் தளர்த்துக. இரு நாதங்களும் நெருங்க நெருங்க அலையலையாக ஒரு துடிப்புக் கேட்கும். அது மெதுவாகி, பின் அடங்கும். அடங்கியதோடு நில்லாமல் சற்றுக் கீழே இறக்கி, மறுபடி மேலேற்றிச் சேர்ப்பது நலம். இன்றேல் ஆணியில் தங்கிய தொய்வு வாசிக்கும்போது வெளிப்பட்டுச் சுருதி இறங்கும். கைபேசியிலுள்ள சுருதிகாட்டியும் உதவும். ஆனால் காதால் சேர்க்கக் கற்றவன் பேரிரைச்சல் மிகுந்த மேடையிலும் கலங்கான் என்பது நம் கருத்து.

மாதுங்காப் பையன் ஒரு மாதம் கழித்துக் கிதாரை மீண்டும் கையிலெடுத்தான். குதிரை பின்னே சாயாதபடி, உட்குழியில் அளவாகச் சீவிய மரத்துண்டு ஒன்றை இப்பொழுது பொருத்தியிருக்கிறான். சென்ற முறை நாம் போயிருந்தபோது, அவன் கீழ் மூன்று தந்திகளையும் ஒலிபெருக்கி இன்றி மெல்ல மீட்டிக்கொண்டிருந்தான். அடுக்களையிலிருந்த பாட்டியார் செவி சாய்த்துக் கேட்டுவிட்டு, “பஞ்சமம் ஒரு நூல் இறங்கியிருக்கிறது, பார்” என்றார். பார்த்தான், இறங்கித்தான் இருந்தது.