பாட்டி பிடித்த சாமை உருண்டை

திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களில் பரவியுள்ள ஜவ்வாது மலையில் மானாவாரியாக விளையும் முக்கியத் தானியம் சாமை. இன்றைய முதியவர்கள் சிறு பிள்ளைகளாக இருந்த நாளில் சோறும் சாமைதான், தின்பண்டமும் சாமைதான். வறுத்து இடித்த மாவில் வெல்லமோ மலைத் தேனோ சேர்த்துப் பாட்டி பிடித்துத் தந்த உருண்டையை அவர்களில் பலர் மறக்கவில்லை. பேரப்பிள்ளைகள் கையிலோ கடை பிஸ்கட் இருக்கிறது.

உலக்கை நின்றது ஏன்?

சாமை மணி மிகச் சிறியது. உமி இறுகப் பற்றியிருக்கும். உரலில் குத்தி, முறத்தில் புடைத்து, மறுபடியும் குத்தினால்தான் அரிசி தேறும். இந்தப் பாடு முழுவதும் பெண்களுடையது. ரேஷன் அரிசி எளிதாகக் கிடைத்ததும் உலக்கை மூலைக்குப் போயிற்று. உருண்டையும் அதோடு போயிற்று. வீட்டில் உமி நீக்க வழியில்லாததால், விளைந்த சாமை களத்திலிருந்தே வியாபாரியிடம் போகிறது. அரிசியாக விற்றால் வரும் கூடுதல் விலை விளைவித்தவருக்கு வருவதில்லை.

கொல்லிமலையிலும் இதே நிலைதான் இருந்தது. அங்கே மரவள்ளி பரவியதால் சாமைப் பரப்பு குறைந்தது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கிராமங்களில் சிறிய அரவை இயந்திரங்களை அமைத்து, மகளிர் குழுக்களிடம் ஒப்படைத்தது. குத்தும் பாடு குறைந்ததால் சாமை மீண்டும் அடுப்புக்கு வந்தது. ஜவ்வாது மலை விவசாயிகளும் பல குடும்பங்கள் கூடி ஓர் இயந்திரத்தைப் பயன்படுத்தினால் செலவு தாங்கும்.

செய்முறை

சாமை அரிசி 1 கிலோவைக் கல் நீக்கிக் கழுவி நிழலில் உலர்த்தவும். சிறு தீயில் வாசனை வரும்வரை வறுத்து, ஆறியபின் மாவாக்கிச் சலிக்கவும். முக்கால் கிலோ வெல்லத்தைச் சிறிது நீரில் கரைத்து வடிகட்டி, விரலில் ஒட்டும் பாகாகக் காய்ச்சவும். ஏலக்காய், சுக்குப் பொடியுடன் மாவைச் சிறிது சிறிதாகப் பாகில் சேர்த்து, கை பொறுக்கும் சூட்டில் நெய் தொட்டு உருட்டவும். தேன் சேர்ப்பவர்கள் பாகு காய்ச்ச வேண்டாம். ஆறிய மாவில் தேனை ஊற்றிப் பிசைந்தால் போதும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கொடுக்கக் கூடாது.

அரைத்த சாமை அரிசி நாள்பட்டால் காறல் வாடை எடுக்கும். ஆகவே உமியோடு இருப்பு வைத்து, தேவைக்கு மட்டும் அரைப்பது நல்லது.

விதையைக் கைவிட வேண்டாம்

அத்தியந்தல் சிறுதானிய மகத்துவ மையம் உருவாக்கிய ஏ.டி.எல். 1 ரகம் 2019-ல் வெளியிடப்பட்டது. இது 85 முதல் 90 நாளில் அறுவடைக்கு வரும். ஏக்கருக்கு 4 முதல் 5 கிலோ விதை போதும். வரிசை விதைப்பு களை எடுக்க வசதியானது. நாட்டு ரகம் வைத்திருப்பவர்கள் புது ரகத்துக்காக அதை விட்டுவிடக் கூடாது. நல்ல கதிர்களைத் தனியே அறுத்து, வெயிலில் நன்கு காயவைத்து விதைக்கு எடுத்துவைக்க வேண்டும்.

விற்றது போக ஒரு மூட்டையாவது வீட்டுக்கு நிறுத்திக்கொள்ளுங்கள். பக்குவம் அறிந்த பாட்டிமார் இருக்கும்போதே பிள்ளைகள் அதைக் கற்றுக்கொள்ளட்டும்.