புயலின் கண் எங்கே? மாலுமிகளுக்குக் கற்றுக்கொடுத்த கல்கத்தா காப்டன்

நடுக்கடலில் ஒரு பாய்க்கப்பல். காற்று வலுத்துக்கொண்டே போகிறது. வானம் இருண்டுவிட்டது. ரேடியோ இல்லை, தந்தி இல்லை. புயல் எந்தப் பக்கம் இருக்கிறது? எந்தப் பக்கம் திரும்பினால் பிழைக்கலாம்?

180 ஆண்டுகளுக்கு முன்பு எல்லா மாலுமிகளுக்கும் இதே கதிதான். தப்பி ஓடுவதாக நினைத்துப் புயலின் வாய்க்குள்ளேயே போய் விழுந்த கப்பல்கள் எத்தனையோ!

இதற்கு வழி சொன்னவர் ஹென்றி பிடிங்டன் என்ற ஆங்கிலேயர். கப்பல்களில் காப்டனாக இருந்தவர். பிறகு கல்கத்தாவில் தங்கிவிட்டார். கப்பல் விபத்துகளை விசாரிக்கும் நீதிமன்றத்துக்கு அவர் தலைவர். புயலில் அடிபட்டு வந்த கப்பல்களின் குறிப்புப் புத்தகங்களை அவர் வாங்கிப் படித்தார். எந்த நேரத்தில் எந்தத் திசையிலிருந்து காற்று அடித்தது என்று படத்தில் குறித்தார். குறிகளைச் சேர்த்துப் பார்த்தால் வட்டம் வந்தது!

புயல் காற்று நேராக அடிப்பதில்லை. பாம்பு சுருண்டு கிடப்பது போல ஒரு நடுவிடத்தைச் சுற்றிச் சுழல்கிறது. ஆகவே, ஒரு கிரேக்கச் சொல்லை எடுத்து 'சைக்ளோன்' என்று பெயர் வைத்தார். உலகம் முழுவதும் இன்று வழங்கும் அந்தப் பெயர் கல்கத்தாவில் பிறந்ததுதான்.

சுற்றிச் சுற்றி ஓடிய கப்பல்

1845-ம் ஆண்டு மொரீஷியஸ் தீவின் அருகே 'சார்லஸ் ஹெட்டில்' என்ற கப்பல் புயலில் சிக்கியது. காற்றுக்கு முதுகைக் காட்டி ஓடினால் தப்பலாம் என்று காப்டன் நினைத்தார். ஏறக்குறைய 5 நாள் ஓடினார். கப்பல் போன வழியைப் பிடிங்டன் படத்தில் வரைந்தார். செக்கு மாடு போலப் புயலின் நடுவிடத்தையே அது சுற்றிச் சுற்றி வந்திருந்தது!

1848-ல் பிடிங்டன் மாலுமிகளுக்காக ஒரு புத்தகம் எழுதினார். அதோடு இரண்டு தகடுகளையும் வைத்தார். கொம்பைச் சீவிச் செய்த, ஊடே பார்க்கக்கூடிய மெல்லிய தகடுகள். அவற்றில் காற்றுச் சுழலும் வட்டம் அச்சிடப்பட்டிருந்தது. பூமியின் வடபாதிக் கடலுக்கு ஒன்று; தென்பாதிக்கு ஒன்று. ஏன் இரண்டு? வடபாதியில் புயல் இடமாகச் சுழலும். தென்பாதியில் வலமாகச் சுழலும். தகட்டைக் கடல் படத்தின் மேல் வைத்து நகர்த்தினால், நடுவிடம் எங்கே என்று தெரிந்துவிடும்.

நீங்களும் கற்றுக்கொள்ளலாம்

தகடு இல்லாமலும் பார்க்கலாம். நம் வங்கக் கடலில் புயல் அருகில் இருக்கும்போது காற்றை நோக்கி நில்லுங்கள். வலது கையைப் பக்கவாட்டில் நீட்டுங்கள். கை காட்டும் இடத்துக்குச் சற்றுப் பின்புறமாகப் புயலின் கண் இருக்கும்.

அடுத்தது பாரமானி. காற்றின் அழுத்தத்தைக் காட்டும் கருவி இது. நம் பக்கத்துக் கடல்களில் இது தினமும் இரண்டு முறை ஏறி இறங்கும். காலையிலும் இரவிலும் 10 மணி அளவில் உச்சம். 4 மணி அளவில் தாழ்வு. இந்த ஒழுங்கு கெட்டு, அந்தப் பருவத்துக்கு உரிய அளவைவிட 3 மில்லிபார் குறைந்தால் உஷாராக வேண்டும். 5 குறைந்தால் புயல் ஏறக்குறைய நிச்சயம்.

பிறகு கப்பலை நிறுத்திக் காற்று எப்படித் திரும்புகிறது என்று கவனிக்க வேண்டும். வடகிழக்கிலிருந்து கிழக்கு, பிறகு தென்கிழக்கு என்று வலமாகத் திரும்பினால், கப்பல் புயலின் வலது பாதியில் இருக்கிறது. ஆபத்தான பாதி இதுதான். ஏன் தெரியுமா? இங்கே அடிக்கும் காற்று கப்பலைப் புயல் வரும் பாதைக்கே தள்ளிவிடும். வடக்கு, வடமேற்கு, மேற்கு என்று இடமாகத் திரும்பினால் அது இடது பாதி. அங்கே காற்று கப்பலைப் புயலுக்குப் பின்னால் தள்ளும். திசை மாறாமல் காற்று மட்டும் வலுத்து, பாரமானியும் இறங்கினால்? புயல் நேரே கப்பலை நோக்கித்தான் வருகிறது!

கண்ணுக்குள் போய்விட்டால் காற்று நின்றுவிடும். நட்சத்திரம்கூடத் தெரியலாம். "அப்பாடா!" என்று பாயை விரித்தவர்கள் கெட்டார்கள். சிறிது நேரத்தில் எதிர்ப்பக்கத்திலிருந்து அடி விழும்.

கேட்காத காதுகள்

கல்கத்தாவுக்குத் தெற்கே, மாத்லா ஆற்றங்கரையில் புதுத் துறைமுகம் கட்ட அரசாங்கம் திட்டம் போட்டது. "வேண்டாம், ஒரு நாள் புயல் அலை வந்து மூழ்கடித்துவிடும்" என்ற கருத்தில் 1853-ல் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசிக்குப் பிடிங்டன் கடிதம் எழுதினார். யாரும் கேட்கவில்லை. 1858-ல் அவர் இறந்துவிட்டார். துறைமுகம் எழும்பியது. 'போர்ட் கானிங்' என்று பெயரும் சூட்டினார்கள். 1867 நவம்பரில் புயலும் வந்தது, அலையும் வந்தது. துறைமுகம் நாசமாயிற்று. சில ஆண்டுகளில் அதைக் கைவிட்டார்கள்.

அதற்கு முன்பே, 1864 அக்டோபரில், கல்கத்தாவைத் தாக்கிய புயலில் பல்லாயிரம் பேர் மாண்டார்கள். அதன் பிறகுதான் அரசாங்கம் விழித்தது. 1865-ல் கல்கத்தாத் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கை தொடங்கியது. 1875-ல் இந்திய வானிலைத் துறை ஏற்பட்டது.

"2-ம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது" என்று செய்திகளில் படிக்கிறோம் அல்லவா? அந்தக் கூண்டுக்கு மூலம் இதுதான். கொடிமரத்தில் பகலில் கூம்பும் உருளையும் ஏற்றுவார்கள். இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகள். எண் கூடக் கூட ஆபத்து கூடும். 10-ம் எண் என்றால் பெரும் புயல்.

11-ம் எண்ணும் உண்டு. வானிலை நிலையத்துடன் தொடர்பே அறுந்துவிட்டது, ஆபத்து வரலாம் என்று அதற்குப் பொருள். அந்த நேரத்தில் மாலுமிக்கு மிஞ்சுவது அவர் பாரமானியும், முகத்தில் அடிக்கும் காற்றும்தான்.