தெம்பு தருமா 'ஜின்செங்' கேப்சூல்? சுகர், பி.பி. உள்ளவங்க உஷார்!

நாள் முழுக்க மூட்டை தூக்கி, மெஷின் முன்னாடி நின்னு வீட்டுக்கு வந்தா உடம்பு அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கா? மெடிக்கல் ஷாப்புக்கு போய், "தெம்புக்கு ஏதாவது குடுங்கண்ணே" என்று கேட்பவர்கள் ஏராளம். அப்படி கேட்டால் கைக்கு வருவதில் ஒன்று, 'ஜின்செங்' கலந்த விட்டமின் கேப்சூல். அதை வாங்கி முழுங்குவதற்கு முன்னாடி இதை கொஞ்சம் படிங்க.

அது என்ன ஜின்செங்?

கொரியா, சீனாவின் வடகிழக்கு பகுதிகளில் விளையும் ஒரு செடியின் வேர்தான் இது. கை, கால் முளைத்த மனுஷன் மாதிரியே சில வேர்கள் இருக்கும். நட்டு 4 முதல் 6 வருஷம் காத்திருந்துதான் தோண்டி எடுப்பார்கள். அசல் வேரின் விலை எகிறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நம்ம ஊர் அமுக்கரா கிழங்கையும் 'இந்திய ஜின்செங்' என்று சொல்லி விற்கிறார்கள். பெயரில்தான் ஒற்றுமை. அமுக்கரா, கத்தரிக்காய் குடும்பத்து செடி. ஜின்செங்குக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

நிஜமாவே பலன் இருக்கா?

கொஞ்சம் இருக்கலாம். விளம்பரத்தில் அளக்கிற அளவுக்கு கிடையாது.

களைப்பால் அவதிப்பட்ட 364 புற்றுநோயாளிகளிடம் அமெரிக்காவில் நடந்த சோதனையின் முடிவு 2013-ல் வெளியானது. அதில் பாதி பேருக்கு தினமும் 2,000 மி.கி. அமெரிக்க ஜின்செங், மீதி பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. 4 வாரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. 8 வாரம் கழித்துதான் ஜின்செங் சாப்பிட்டவர்களுக்கு களைப்பு குறைந்தது. ஆனால், நல்லா இருக்கிறவர்களுக்கும் இப்படி பலன் கிடைக்கும் என்று இதை வைத்து சொல்ல முடியாது.

ஆண்மைக்கு கைகண்ட மருந்து என்கிறார்களே? பல சோதனைகளை அலசி 2021-ல் வெளியான 'காக்ரேன்' ஆய்வு, ஆண்மை குறைவுக்கு இதனால் கிடைக்கும் பலன் ரொம்ப அற்பமாகவே இருக்கலாம் என்று சொல்லிவிட்டது. ஆண்மையை கூட்டும் என்று மருந்து விளம்பரம் செய்வதையே 1954-ம் ஆண்டு சட்டம் தடை செய்கிறது.

யாரெல்லாம் உஷாரா இருக்கணும்?

* சுகர் மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள்: ஜின்செங்கும் சர்க்கரையை குறைக்கலாம். இரண்டும் சேர்ந்தால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி வியர்வை, படபடப்பு, மயக்கம் வரலாம்.

* இதய நோய்க்கு 'வார்பரின்' மாத்திரை சாப்பிடுபவர்கள்: ரத்தம் உறையாமல் தடுக்கும் இந்த மாத்திரையின் வேகத்தை அமெரிக்க ஜின்செங் குறைப்பது 2004-ல் வெளியான சோதனையில் தெரிந்தது.

* பி.பி. உள்ளவர்கள்: ரத்த அழுத்தம் ஏறி இறங்கலாம்.

* கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள்: தவிர்ப்பதே நல்லது.

மற்றவர்களுக்கும் தூக்கம் கெடுவது, தலைவலி, வயித்து கோளாறு வரலாம்.

அட்டையை திருப்பி பாருங்க!

சத்து மாத்திரையாக விற்கும் டப்பாவில் 'மருந்தாக பயன்படுத்த அல்ல' என்ற வாசகம் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. பொடி எழுத்தில் இருந்தாலும் தேடி பாருங்க. மருந்தே இல்லை என்று அவர்களே எழுதியதை, நோய்க்கு மருந்தாக நம்பலாமா?

இரண்டு, மூன்று வாரமாக களைப்பு விடவில்லையா? ரத்த சோகை, சுகர், தைராய்டு, காசநோய் என காரணம் எதுவாகவும் இருக்கலாம். தெம்பு மாத்திரையை போட்டுக்கொண்டு நாளை கடத்தினால் நோய் முத்திவிடும். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் சுகர், ரத்த அளவு பார்க்க காசு கிடையாது. கேப்சூலுக்கு கொடுக்கிற காசில் முட்டை, கடலை, கீரை வாங்கி சாப்பிட்டாலே உடம்புக்கு நல்லது!