முன்னால் நடப்பவர் யார்?



"யாழ்ப்பாணத்து ஆளுக்கு மலையில் என்ன வேலை?" என்று எங்கள் தெருவில் கேட்டார்கள். கேட்டதில் தப்பில்லை. பனையும் கிணறும் தட்டைத் தரையும்தான் எங்கள் குடாநாடு. மலை என்று சொல்ல ஒரு மேடுகூடக் கிடையாது. அப்படிப்பட்ட நானும் என் மனைவியும் பாடசாலை விடுமுறையில் பிள்ளைகளை உம்மாவிடம் விட்டுவிட்டு, மலையகத்தில் ஐந்து நாட்கள் நடந்தோம்.

மலையழகை வர்ணிக்க இதை எழுதவில்லை. பயணத்துக்கு அரபியில் 'ஸஃபர்' என்று பெயர். அதே வேர்ச்சொல்லுக்குத் திரையை விலக்குதல் என்றும் பொருள் உண்டு. பதினெட்டு வருட இல்லறத்தில் என் கண்ணில் படாத ஒரு குறையை அந்த நடை திரை விலக்கிக் காட்டியது. அதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன்.

பழைய தோட்டத்துப் பாதை

நாங்கள் நடந்த பாதைக்கு 'பெக்கோ ட்ரெயில்' என்று பெயர். கண்டிக்கு அருகே ஹந்தானையில் தொடங்கி, ஹப்புத்தளை, எல்ல என்று வளைந்து சென்று நுவரெலியாவில் முடிகிறது. 300 கிலோமீட்டருக்கும் அதிகம். அதை 22 பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். இது புதிதாக வெட்டிய பாதையல்ல. ஆங்கிலேயர் காலத்தில் தேயிலை ஏற்றிச் செல்லப் போட்ட தோட்டத்துப் பாதைகளை ஒன்றாக இணைத்திருக்கிறார்கள். ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் முதன்முதலாகத் தேயிலைத் தோட்டம் அமைத்த லூல்கந்துரவும் இந்த வழியில்தான் வருகிறது.

முழுவதும் நடக்க எங்களுக்கு நாளும் இல்லை, காலும் இல்லை. கலஹா, லூல்கந்துர, தவலந்தென்னை, பூண்டுலோயா வழியாக வட்டகொடை வரை ஐந்து பகுதிகள் நடந்தோம். வட்டகொடையில் ரயில் நிலையம் இருப்பதால் திரும்புவது சுலபம்.

ஒரு நாள் எப்படிப் போகும்?

ஃபஜ்ர் தொழுததும் புறப்பட வேண்டும். மலையில் பிற்பகலில்தான் பெரும்பாலும் மழை இறங்கும். பாணும் சம்பலும், கொஞ்சம் பேரீச்சம்பழமும் பொதியில் இருந்தால் மதியம் வரை தாங்கும். சமதரையில் ஒரு மணி நேரத்தில் ஐந்து கிலோமீட்டர் நடப்பவர், 600 மீட்டர் உயரம் ஏறினால் இன்னும் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும் என்பது மலை நடப்பவர்களின் பழைய கணக்கு. பொதி, சுமப்பவரின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது.

சகோதரிகள் கவனிக்க வேண்டியது: ஏற்றத்தில் அபாயாவின் விளிம்பு காலில் தடுக்கும். தளர்வான சல்வார் கமீஸ் வசதியானது. ஈரப் புல்லில் அட்டை ஏறும். கால்மேசைக்கு மேல் சவர்க்காரம் தேய்த்துவிட்டால் ஓரளவு தப்பலாம். மண்சரிவு உண்டா என்று தோட்டத்து ஆட்களிடம் விசாரிக்காமல் காலடி வைக்காதீர்கள்.

தொழுகை கஷ்டமாக இல்லை. பயணிக்கு மார்க்கம் தந்த சலுகை இருக்கிறது. ளுஹரையும் அஸரையும் சேர்த்து, சுருக்கி இரண்டிரண்டு ரக்அத்தாக, ஓடை ஓரத்தில் தொழுதோம்.

அந்த அம்மா கேட்ட கேள்வி

இரண்டாம் நாள் ஏற்றத்தில் நான் முன்னால் போனேன். வளைவில் போய் ஒரு கல்லில் உட்காருவேன். தண்ணீர் குடிப்பேன். மனைவி மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்ததும், "வாங்க, போவோம்" என்று எழுந்து விடுவேன். காத்திருந்தேன் அல்லவா, அதுவே பெரிய பொறுமை என்று எனக்குள் நினைப்பு வேறு!

கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஒரு வயதான அம்மா இதைக் கவனித்திருக்கிறார். சிரித்துக்கொண்டே கேட்டார்: "ஐயா, நீங்க குந்தி எந்திரிச்சிட்டீங்க. அவங்க எப்பக் குந்துறது?"

எனக்குச் சுரீரென்றது. காலையிலிருந்து நான் நாலு தடவை இளைப்பாறியிருக்கிறேன். அவள் ஒரு தடவைகூட இல்லை. களைப்பாறும் நேரம் முழுவதையும் வேகமாக நடப்பவன் எடுத்துக்கொள்கிறான். மெதுவாக நடப்பவளுக்கு மிஞ்சுவது நடை மட்டும்தான்.

இத்தனைக்கும் நான் மத்ரஸாவில் பாடம் நடத்துகிறவன். நபி (ஸல்) அவர்கள் பயணத்தில் பின்தங்கி வந்து, பலவீனமானவர்களை அழைத்து வருவார்கள் என்று எத்தனை தடவை சொல்லிக் கொடுத்திருப்பேன்! ஆயிஷா (ரலி) அவர்களின் மாலை காணாமல் போனபோது, தண்ணீரில்லாத இடத்தில் ஒரு கூட்டமே நின்றது. தயம்மும் சட்டம் அப்போதுதான் இறங்கியது. பாடம் நாவில் இருந்தது. காலில் இல்லை.

மூன்றாம் நாளிலிருந்து அவள் முன்னால், நான் பின்னால். அவள் நின்றால் நிற்பேன். பூண்டுலோயாவுக்கு முன்பைவிடத் தாமதமாகத்தான் வந்தோம். ஆனால் அன்றிரவுதான் அவள் கால் வலியைப் பற்றிப் பேசாமல் எங்கள் மகளின் படிப்பைப் பற்றிப் பேசினாள்.

வாப்பாவின் நடை

வீடு திரும்பி உம்மாவிடம் இதைச் சொன்னேன். உம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. 1990 அக்டோபர் 30ஆம் நாள் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் இரண்டு மணி நேரத்தில் ஊரை விட்டுப் போக வேண்டும் என்று கட்டளையிடப்பட்டதே, அந்த நாளை நினைத்திருப்பார். எனக்கு அப்போது பத்து வயது. கொஞ்ச தூரம் லொறியில், மீதி நடை. வவுனியா வரும்வரை உம்மாவின் இடுப்பில் தங்கை.

"உங்க வாப்பா எனக்குப் பின்னாலதான் நடந்தார் மகன்," என்றார் உம்மா. "திரும்பிப் பார்க்கிற நேரமெல்லாம் அவர் முகம் தெரியும். அந்தத் தெம்பில நடந்தேன்."

நான் விரும்பிப் போன நடையில் மறந்ததை, வாப்பா விரட்டப்பட்ட நடையில் மறக்கவில்லை.

சகோதரிகளே! மலை ஏறித்தான் இதைப் பார்க்க வேண்டும் என்றில்லை. இரவுச் சாப்பாட்டில் பாருங்கள். கணவர் சாப்பிட்டுக் கை கழுவிச் சாய்ந்துவிடுகிறார். நீங்கள் எல்லோருக்கும் வைத்துவிட்டுக் கோப்பையோடு உட்காரும்போது, "ஒரு தேத்தண்ணி" என்று குரல் வருகிறது. இங்கும் ஒருவர் இளைப்பாறி எழுந்துவிட்டார். மற்றவர் இன்னும் உட்காரவே இல்லை.

இந்தப் பக்கத்தை உங்கள் கணவரிடம் வாசிக்கக் கொடுங்கள். மௌலவி ஒருவர் தம் குறையைத் தாமே எழுதியிருக்கிறார் என்று சொல்லிக் கொடுங்கள். சண்டைக்காக அல்ல. நாளை முதல் நீங்கள் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, மூச்சு விட்ட பிறகு இருவரும் சேர்ந்து எழுவதற்காக.

அல்லாஹ் நம் இல்லறப் பயணங்களை இலேசாக்குவானாக. ஆமீன்.