உங்களுக்குத் தெரியுமா? பட்டம் மறுத்த காலத்தில் ஒரு பள்ளி

இங்கிலாந்தில் ஜான் ஹேடன் பாட்லி 1893இல் பையன்களுக்காகத் தொடங்கிய பீடேல்ஸ் உறைவிடப் பள்ளி, 1898இல் பெண்பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டது. அது எத்தனை துணிச்சலான காரியம் என்பதை முந்தைய ஆண்டே சொல்லும்: பெண்களுக்குப் பட்டம் தரும் யோசனையை 1897இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் வாக்கெடுப்பில் தோற்கடித்திருந்தது. (முழுப் பட்டம் 1948இல்தான் கிடைத்தது!) குவேக்கர் கிறித்தவப் பிரிவினரின் ஆக்வொர்த் பள்ளி 1779இலேயே இருபாலரையும் சேர்த்ததே என்று கேட்கலாம். சேர்த்தது உண்மைதான், ஆனால் அங்கே அப்போது ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பகுதிகள், தனித்தனி வகுப்புகள். ஒரே வளாகத்தில் தங்கவைப்பது வேறு, ஒரே கரும்பலகை முன் உட்காரவைப்பது வேறு. பீடேல்ஸில் கட்டணம் கட்ட வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள்தானே படித்தார்கள் என்ற குறை நியாயமானது. ஆனால் கேம்பிரிட்ஜில் வாக்களித்தவர்களும் ஏழைகள் அல்லர்; வசதி இருந்தும் பெண்களுக்குப் பட்டம் தர மறுத்தார்கள். பாட்லியும் அங்கே படித்தவரே, ஆனாலும் பெண்பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டார்.